ஐந்து மாதம் கொட்டகையில் நின்ற கேம்பர் வேன்: மூன்று பெட்டரிகள் செத்த கதையும் அடுத்த வருடம் காப்பாற்றிய விதமும்

2023 ஒக்டோபர் 12ஆம் திகதி காலை. ஹட்டனில் இருந்து நோர்வூட் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. மே மாதம் நடுவில் உள்ளே நிறுத்திய டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வேன் அப்படியே நின்றது. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு லைட்கூட வரவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன். என்ஜின் பெட்டரி 3.1 வோல்ட். படுக்கைக்குக் கீழே இருக்கும் இரண்டு வீட்டு பெட்டரிகள் (வேனுக்குள் இருக்கும் பம்ப், ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கானவை) 9.6 வோல்ட். மூன்றும் 2022 கடைசியில் வாங்கியவை. டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறிய வருடம் அது. அந்த விலை கொடுத்து வாங்கிய மூன்று பெட்டரிகளும் ஒரு வருடத்தைக்கூடத் தாண்டவில்லை.

இந்த வேனின் பின்பக்க ஒயரிங்கை 2021இல் செய்தது நான். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பிறகு, மலையகத்தில் பழைய டொல்பின்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது. இதுவும் அப்படி மாற்றிய ஒன்று: படுக்கை, சிறிய அடுப்பு, தண்ணீர் பம்ப், குட்டி ஃபிரிட்ஜ், கூரையில் 150 வாட் சோலார் பேனல். டிசம்பரில் சிவனொளிபாத மலை சீசன் தொடங்கும்போது வெளியே வரும். நுவரெலியா ஏப்ரல் சீசன், வெசாக் எல்லாம் முடிந்ததும் கொட்டகைக்குப் போய்விடும். மழை ஆறு மாதம் பெய்கிற பக்கத்தில் அதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டும் மாதங்களுக்காக நான் செய்த ஒயரிங் சரியாகத்தான் இருந்தது. நிற்கும் மாதங்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வேனின் சொந்தக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "குளிர்தான் தம்பி. இந்தக் குளிருக்கு எந்தப் பெட்டரி தாங்கும்?" கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் அதையேதான் சொன்னார். இங்கே பலரும் சொல்வது இதுதான். இது உண்மையா என்று முதலில் பார்த்துவிடலாம்.

குளிர் மேல் பழி

குளிரில் பெட்டரி பலவீனமாகத் தெரிவது உண்மை. 25 பாகை செல்சியஸில் முழுதாகத் தரும் பெட்டரி, 10 பாகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகத்தான் தரும். என்ஜின் ஓயிலும் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் கூடுதலாக இழுக்கும். விடியற்காலையில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முக்கி முக்கி ஸ்டார்ட் ஆகும் டீசல் வண்டிகளைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆனால் அது வேலை செய்யும்போது வரும் பலவீனம். சும்மா நிற்கும் பெட்டரிக்கு குளிர் நல்லதுதான் செய்கிறது. ஈய-அமில பெட்டரி தன்பாட்டில் சார்ஜ் இழக்கும் வேகம், வெப்பம் 10 பாகை குறைந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும். கொழும்பு வெக்கையில் நிற்கும் பெட்டரியை விட, 1,271 மீட்டர் உயரத்தில் ஹட்டன் பக்கம் நிற்கும் பெட்டரி மெதுவாகத்தான் இறங்கும். உறைவதைப் பற்றியும் இங்கே கவலை இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா புல்வெளியில் வெள்ளைப் பனி படியும் நாட்களில்கூட, காலியான பெட்டரியின் அமிலம் உறையும் அளவுக்குப் போகாது. அதற்கு பூச்சியத்துக்குக் கீழே பல பாகை இறங்க வேண்டும்.

சரி, குளிர் இல்லையென்றால் யார்?

மீட்டரைத் தொடராக வைத்தோம்

எல்லாம் அணைந்து நிற்கும்போதும் வேன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, வேறு ஒரு நல்ல பெட்டரியைக் கொண்டுவந்து என்ஜின் பக்கம் வைத்தேன். நெகட்டிவ் டேர்மினலைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராகப் போட்டேன். இப்படி மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மீட்டர் வழியாகப் போகப் பார்க்கும், உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும். என்னிடம் வேலை பழகும் பையன்களிடம் முதல் நாளே சொல்லும் விஷயம் இது. கதவையும் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் உள் லைட் இழுப்பதையும் சேர்த்து எண்ணிவிடுவோம். புது வண்டிகளில் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கிய பிறகுதான் உண்மையான எண் வரும். டொல்பினில் அந்தச் சிக்கல் இல்லை.

மீட்டர் காட்டியது 82 மில்லி ஆம்பியர்.

ஒவ்வொரு பியூஸாகக் கழற்றினோம். ஜிபிஎஸ் ட்ராக்கருக்கு சராசரி 41. ரேடியோவுக்குப் பின்னால் யாரோ, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் சாவி லைனில் கொடுக்காமல் நேராகக் கொடுத்திருந்த அம்ப்ளிஃபயருக்கு 26. அலாரத்துக்கு 15. இவற்றில் எதுவும் பழுதில்லை, எல்லாம் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தன. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

82 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு சிறிய எல்ஈடி பல்ப் அளவு. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1.97 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் போவது ஒரு ஆம்பியர்-மணி). பெட்டரியின் கொள்ளளவு 70. முழு சார்ஜோடு நிறுத்தியிருந்தாலும் 35 நாளில் துடைத்து எடுத்துவிடும். டீசல் என்ஜினைச் சுழற்றும் பலம் அதற்கும் முன்னாலேயே, மூன்று வாரத்தில் போய்விடும். வேன் நின்றது 151 நாள்.

வீட்டுப் பக்கம் இன்னும் மோசம். கேஸ் கசிவு அலாரம் 70, சுவரில் இருக்கும் டிஸ்ப்ளே பேனல் 35, நீல வெளிச்சத்தோடு அழகுக்காக வைத்த இரண்டு யூஎஸ்பி சொக்கெட்டுகள் 24, சோலார் கொன்ட்ரோலர் 9. மொத்தம் 138. ஒரு நாளைக்கு 3.3 ஆம்பியர்-மணி. இரண்டு 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடி திறக்க முடியாத ஈய-அமில வகை) பெட்டரிகளும் முழுதாக இருந்திருந்தால் 60 நாள் தாங்கும். ஆனால் கடைசிப் பயணம் நுவரெலியாவில் மூன்று நாள் மழையில் நின்ற பயணம். ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது, சோலார் வரவில்லை. முக்கால்வாசிதான் இருந்திருக்கும். ஜூன் முடியும்போது அவை காலி.

காலியானது மட்டும் என்றால் மறுபடி சார்ஜ் போட்டால் போயிற்று. அதன் பிறகு நின்ற மாதங்கள்தான் கொன்றன. ஈய-அமில பெட்டரி சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் உருவாகும். உடனே சார்ஜ் போட்டால் அது மீண்டும் கரைந்து பழைய நிலைக்குப் போகும். அப்படியே விட்டால் நுண்ணிய துகள்கள் ஒன்று சேர்ந்து பெரிய, கெட்டியான படிகங்களாகி, தகட்டை மூடிவிடும். பிறகு எந்த சார்ஜராலும் முழுதாகக் கரைக்க முடியாது. 12.4 வோல்ட்டுக்குக் கீழே நீண்ட நாள் விட்டாலே இது தொடங்கிவிடும். 3.1 வோல்ட்டில் மாதக் கணக்கில் நின்ற பெட்டரியை என்ன செய்ய முடியும்?

"மேலே சோலார் இருக்கே!"

அண்ணன் கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வி. கூரையில் 150 வாட் பேனல், கொன்ட்ரோலரில் சார்ஜ் ஆவதாகப் படம் வேறு காட்டிக்கொண்டிருந்தது.

நண்பகலில் கொட்டகைக்குள் அளந்தேன். பேனலில் 14 வோல்ட் இருந்தது. ஆம்பியர் 0.01. தகரத்துக்குக் கீழே பக்கவாட்டில் வரும் மங்கல் வெளிச்சம் பேனலில் வோல்ட்டை எழுப்பப் போதும், கரண்ட்டை எழுப்பப் போதாது. குழாயைத் திறந்தால் காற்று வருகிற மாதிரிதான், அழுத்தம் தெரியும், தண்ணீர் வராது. கொன்ட்ரோலர் வோல்ட்டைப் பார்த்து விடிந்துவிட்டது என்று படத்தைப் போடுகிறது. அதே கொன்ட்ரோலர் தன் பங்குக்கு இரவு பகலாக 9 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ஆக இந்தக் கொட்டகைக்குள் சோலார் கொடுப்பதை விட எடுப்பதுதான் அதிகம்.

சிறிய பேனல் ஒன்றைக் கொட்டகைக் கூரையில் வைத்து ஒயரை உள்ளே இறக்கலாமே என்று யோசித்தோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில்தான் மோதுகிறது. கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அந்தப் பக்கம். பல நாட்கள் காலையிலிருந்து மாலை வரை பனிமூட்டம். முழு வெயில் கணக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அப்படியும் 50 வாட் பேனலில் 75 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி வரும். கணக்குப்படி போதும். ஆனால் தொடர்ந்து பத்து நாள் இருட்டினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. இதே வேன் மலையைத் தாண்டி பண்டாரவளையில் நின்றிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சோலார்தான் சொல்லியிருப்பேன். இங்கே மழை கொட்டும் அதே மாதங்களில் ஊவாப் பக்கம் கச்சான் காற்று வரண்டு அடித்துக்கொண்டிருக்கும். மலையைத் தாண்டியதும் பதிலே மாறிவிடுகிறது. வெளிநாட்டு வீடியோ பார்த்து பேனல் வாங்குகிறவர்கள் தங்கள் கொட்டகை மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எதைக் காப்பாற்ற முடிந்தது

என்ஜின் பெட்டரி சாதாரண அமில பெட்டரி, மூடி திறக்கக்கூடியது. இரண்டு நாள் மெதுவாக சார்ஜ் போட்டு, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். நல்ல செல்லில் 1.265க்கு மேல் இருக்க வேண்டும். ஐந்து செல்கள் 1.15க்கும் 1.19க்கும் நடுவில், ஒன்று 1.05. அது வெறும் தண்ணீருக்குப் பக்கம். முடிந்தது.

ஏஜிஎம் இரண்டையும் பிரித்தேன். சேர்த்தே சார்ஜ் போட்டால் எது கெட்டது என்று தெரியாது. 9.6 வோல்ட்டில் இருந்ததால் சார்ஜர் ஏற்றுக்கொண்டது. அதை விடக் கீழே போன பெட்டரியை பல ஸ்மார்ட் சார்ஜர்கள் பெட்டரி என்றே அடையாளம் காணாது. முழுதாக ஏற்றி, ஒரு இரவு ஆறவிட்டுப் பார்த்தால் முதலாவது 12.7, இரண்டாவது 12.4. முதலாவது நன்றாக இருக்கிறதே என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். அவசரப்பட வேண்டாம் அண்ணே என்றேன். வோல்ட் சொல்வது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை. குடம் எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. 5 ஆம்பியர் இழுக்கும் பல்புகளைப் போட்டு, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை நேரம் பார்த்தோம். நல்ல 100 ஆம்பியர்-மணி பெட்டரி 20 மணி நேரம் தாங்க வேண்டும். முதலாவது 8 மணி 10 நிமிடம். இரண்டாவது 3 மணி. அதாவது 41, 15.

இங்கே ஒரு வாக்குவாதம். 41 உள்ளதை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று மட்டும் வாங்கி இணையாகப் போடலாமா என்று அண்ணன் கேட்டார். காசு கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் புதுசையும் நோயாளியையும் இணையாகக் கட்டினால், பழையதற்குள் எப்போதும் கொஞ்சம் கரண்ட் வீணாகப் போய்க்கொண்டே இருக்கும். சார்ஜர் முழுமையை உணரும் நேரமும் குழம்பும். புதுசு பழையதின் வயதுக்கு வேகமாக இறங்கிவிடும். கடைசியில் ஒரே ஒரு புது ஏஜிஎம் வாங்கி அந்த சீசனைச் சமாளித்தார், அடுத்த ஏப்ரலில் அதே மொடல் இரண்டாவதை வாங்கினார். ஆறு மாத வித்தியாசம் பரவாயில்லை. 41 உள்ளது இப்போது என் கராஜில் ஒரு லைட்டை எரிக்கிறது.

2024 மே: மறுபடி கொட்டகைக்கு

இரண்டாவது முறை நிறுத்துவதற்கு முன் ஒரு முழு நாளை இதற்காகவே ஒதுக்கினோம்.

முதலில் இழுப்பதை நிறுத்தினோம். அம்ப்ளிஃபயரை சாவி லைனுக்கு மாற்றினேன். வீட்டுப் பக்கத்தின் எல்லாச் சுமைகளுக்கும் முன்னால் ஒரு கட்-ஓஃப் சுவிட்ச். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று, எனவே கேஸ் அலாரமும் ஓய்வெடுக்கலாம். ஜிபிஎஸ் மட்டும் அணைக்க முடியாது, திருட்டுப் பயம் இருக்கிறது. அதை 70 ஆம்பியர்-மணி என்ஜின் பெட்டரியில் இருந்து எடுத்து 200 ஆம்பியர்-மணி வீட்டு பெட்டரிக்கு, கட்-ஓஃப் சுவிட்சுக்கு முன்னால் மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-மணி. சார்ஜர் நின்றுபோனாலும் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும்.

என்ஜின் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டோம். அதன் மேல்பக்கத்தையும் துடைத்தோம். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மழைக்காலத்தில் பெட்டரி மூடியின் மேல் தூசியும் அமில ஈரமும் சேர்ந்து ஒரு படலம் படியும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ் டேர்மினலில் வைத்து, சிவப்பு முனையை வெறும் பிளாஸ்டிக் மேல் தொட்டேன். 2.4 வோல்ட் காட்டியது! அந்த அழுக்கு வழியாகவே கரண்ட் கசிகிறது. வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துத் துணியால் துடைத்து, உள்ளே ஒரு சொட்டும் போகாமல் பார்த்துக்கொண்டு, காயவிட்டு, டேர்மினலுக்கு வாசலின் பூசினோம். மறுபடி தொட்டபோது பூச்சியம். சிமெந்துத் தரையில் பெட்டரி வைத்தால் கரண்ட் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியில் பெட்டரி வந்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கும். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டில்லை, மேலே இருக்கும் ஈரம்தான் பொருட்டு.

பிறகு சார்ஜர். அண்ணனின் வீட்டில் பழைய ட்ரான்ஸ்ஃபோர்மர் சார்ஜர் ஒன்று இருந்தது, அதையே போட்டுவிடலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அதற்கு நிறுத்தத் தெரியாது. பெட்டரி நிரம்பிய பிறகும் வோல்ட் 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஒட்சிசனும் வரும். ஏஜிஎம்மில் போன தண்ணீரை மறுபடி ஊற்ற வழியே இல்லை. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், அந்தக் கொட்டகையின் மறுபக்கத்தில் அக்கா விறகடுப்பு எரிக்கிறார். ஒருவருடைய வீட்டோடு ஒட்டிய இடத்தில் நாம் இப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியாது.

மூன்று கட்ட சார்ஜர் ஒன்று வாங்கினோம். முதலில் வேகமாக ஏற்றும், பிறகு 14.4 வோல்ட் பக்கத்தில் நிறுத்தி நிரப்பும், கடைசியில் 13.6க்கு இறங்கித் தாங்கிப் பிடிக்கும். மலையகத்துக்கு ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டும். சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள் 25 பாகைக்கானவை. ஒவ்வொரு பாகை குறைவுக்கும் 12 வோல்ட் பெட்டரிக்கு 0.02 முதல் 0.03 வோல்ட் வரை கூட்ட வேண்டும். 15 பாகையில் நிற்கும் கொட்டகைக்கு அது கால் வோல்ட் அளவுக்கு வரும். வெப்ப சென்சர் உள்ள சார்ஜர் கிடைத்தால் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா என்று அக்காவின் மகன் கேட்டான். பழைய 82 மில்லி ஆம்பியரை வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஒரு வாரத்தில் போவது கிட்டத்தட்ட 14 ஆம்பியர்-மணி. ஐட்லிங்கில் ஒல்டர்னேட்டர் 20 ஆம்பியர் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் வருவது 3.3. மீதி 10க்கும் மேல் வாராவாரம் கடன். அதோடு ஓயில் சூடாவதற்கு முன்னால் அணைப்பதால் உள்ளே ஈரமும் சேரும். ஓட்டுவதென்றால் ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

பச்சை லைட்

இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஜூலையில் நடந்தது.

வீட்டு பெட்டரியில் சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்றை பட்டன் அழுத்தினால் மட்டும் எரியும்படி பொருத்தியிருந்தேன். மாதத்தில் 1ஆம் திகதியும் 15ஆம் திகதியும் அக்கா அந்தப் பட்டனை அழுத்தி, எண்ணை சமையலறைக் கலண்டரில் எழுத வேண்டும். ஜூன் 1: 13.6. ஜூன் 15: 13.6. ஜூலை 1: 13.6. ஜூலை 15: 12.8.

அக்கா அதைக் கவலைப்படாமல்தான் எழுதினார். 12.8 நல்ல எண் என்று நானே முன்பு சொல்லியிருக்கிறேன். கலண்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் உடனே போன் போட்டேன்.

"அக்கா, சார்ஜர் ஓடுதா?"

"ஓடுது தம்பி. லைட் பச்சையா எரியுதே."

"கரண்ட் ஏதும் போய் வந்திச்சா?"

"போன கிழமை மரம் விழுந்து ரெண்டு நாள் இல்ல. அப்புறம் வந்துருச்சு."

அங்கேதான் விஷயம். சும்மா நிற்கும் நல்ல பெட்டரிக்கு 12.8 அருமையான எண். ஆனால் சார்ஜரில் மாட்டியிருக்கும் பெட்டரி 13க்கு மேல்தான் காட்ட வேண்டும். 12.8 காட்டினால் சார்ஜர் அதற்கு எதையும் கொடுக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். பச்சை லைட் எரிந்தது உண்மை, அது சுவரில் கரண்ட் இருக்கிறது என்பதற்கான லைட். மின்சாரம் போய் வந்த பிறகு அந்த சார்ஜர் காத்திருக்கும் நிலையில் நின்றுவிட்டது. யாராவது பட்டனை அழுத்தி எந்த வகை பெட்டரி என்று தேர்ந்தெடுத்தால்தான் மறுபடி வேலையைத் தொடங்கும். விட்ட இடத்தில் இருந்து தானாகத் தொடங்கும் சார்ஜர்களும் இருக்கின்றன. வாங்கும்போது நான் அதைக் கேட்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டைப் பார்த்த நாட்டில், பருவமழை தோறும் லைன் மேல் சவுக்கு மரம் விழுகிற மலையில், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சேதம் எதுவும் இல்லை. சுமைகள் அணைக்கப்பட்டிருந்ததால், அந்த நாட்களில் ஜிபிஎஸ் எடுத்தது பத்து ஆம்பியர்-மணிக்கும் குறைவு. முந்தைய வருட ஒயரிங்காக இருந்தால் முப்பது போயிருக்கும். சார்ஜரை மாற்றினோம். கடையிலேயே பிளக்கைக் கழற்றி மாட்டி, தானாகத் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். அக்காவின் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டினேன்: "13க்கு மேல் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12 என்று தொடங்கினால் தம்பிக்கு போன்."

இதே பிழை இன்னொரு வடிவத்திலும் வரும், பல கேம்பர் வேன்களில் பார்த்திருக்கிறேன். வேனைச் சுவரில் மாட்டியாயிற்று, எல்லா பெட்டரியும் நிரம்புகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அந்த சார்ஜர் வீட்டு பெட்டரிக்கு மட்டும்தான். இந்த வேனில் நான் செய்த ஒயரிங்கிலும் அப்படித்தான். நடுவில் இருக்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) என்ஜின் பக்கத்து வோல்ட்டை மட்டும் பார்த்து, ஒல்டர்னேட்டர் ஓடும்போது இரண்டு பக்கத்தையும் சேர்க்கும். வீட்டுப் பக்கம் 13.6 ஏறினாலும் அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பார்க்கும் ரிலே போட்டால் இது தீரும். நாங்கள் அதையும் செய்யவில்லை. கழற்றி வைத்த என்ஜின் பெட்டரி மே மாதம் 12.7இல் இருந்து ஓகஸ்ட் நடுவில் 12.5க்குத்தான் இறங்கியிருந்தது. சார்ஜரை ஒரு நாள் அந்தப் பக்கம் மாட்டி, அமில பெட்டரிக்கான நிலையில் ஏற்றி, மறுபடி கழற்றினோம். ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு தடவை. குளிர் நமக்காகச் செய்யும் உதவி இது.

நவம்பர் 23ஆம் திகதி வேனை எடுத்தோம். சார்ஜரை முந்தின நாளே கழற்றச் சொல்லியிருந்தேன். சார்ஜ் போட்ட உடனே அளந்தால் மேலோட்டமான வோல்ட் ஏமாற்றிவிடும். வீட்டு பெட்டரிகள் 12.85. என்ஜின் பெட்டரி 12.6. ஹீட்டர் ப்ளக் லைட் அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினார் அண்ணன். பிடித்துக்கொண்டது. அக்கா வாசலில் நின்று கையைத் தட்டினார். இருபது மணி நேரச் சோதனையையும் மறுபடி செய்தேன், இரண்டும் 19 மணி நேரத்துக்கு மேல் போயின.

இப்போது அண்ணனுக்கு லித்தியம் ஆசை வந்திருக்கிறது. தாராளமாக மாற்றலாம், ஆனால் இந்தப் பழக்கங்களில் பாதியை மாற்ற வேண்டி வரும். லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டரியை மாதக் கணக்கில் முழுதாக நிரப்பித் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, சார்ஜரையும் சுமைகளையும் கழற்றிவிடுவதே அதற்கு நல்லது. சல்ஃபேட் பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்கிட்டும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து மெதுவாக இழுத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் கெடும். அதனால் ஜிபிஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு சிறிய பெட்டரி பார்க்க வேண்டும். அக்காவின் கலண்டர் முறையும் அதற்குப் போதாது. லித்தியத்தில் கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் மிகச் சிறியது, 13.2 என்று பார்த்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டர் போட்டு, அக்கா சதவீதத்தை எழுத வேண்டியிருக்கும்.